பதினான்காம் மேசை

ஐந்து வாரம் என்றாள் கிர்ஸ்டன். வருஷத்துக்கு ஐந்து வாரம் விடுமுறை, சம்பளத்தோடு, யாரிடமும் போய்க் கைகட்டி நிற்காமல். ஜூலை மாதம் எங்கள் டென்மார்க்கில் பாதி அலுவலகங்களில் போன் எடுக்க ஆள் இருக்காது, அதனால் நாடு ஒன்றும் மூழ்கிவிடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அமெரிக்கர் ஹாவர்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி சிரித்தார். நான் நாலு வருஷமாக ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை, இந்தக் கப்பல் பயணத்துக்கும் மனைவி லிண்டா அழுததால்தான் வந்தேன் என்றார், போர்முனையிலிருந்து திரும்பியவர் பதக்கத்தைத் தடவிப் பார்ப்பதுபோல. இரண்டு பேருக்கும் நடுவில் குனிந்து, கிண்ணம் அதிராமல் தக்காளி சூப்பை வைத்துக்கொண்டிருந்த ரெமிஜியுசுக்கு வலது குதிகாலில் ஆணி இறங்கியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டு வருஷமாகப் பழக்கி வைத்த முகம். கால் என்ன பாடு பட்டாலும் உதடு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். "தேங்க்யூ, ரெமி" என்றாள் கிர்ஸ்டன். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் ரெமி, இந்தியா என்றுதான் இருந்தது. ரெமிஜியுஸ் கொரேரா என்பது விருந்தினர் வாயில் நுழையாது என்று முதல் கப்பலிலேயே வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரரா என்று கேட்பவர்கள் உண்டு. தூத்துக்குடி என்று சொன்னால் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவனும் சிரிப்பான். எட்டாம் நம்பர் மேசைக்கு மீன், பதினொன்றில் ஒருவருக்கு உப்பில்லாமல், இந்தப் பதினான்கில் நாலு சூப்பு முடிந்தது, ஆறு நாற்காலியில் இரண்டு காலி, நல்லவேளை. நடக்க வேண்டும். நின்றால் வலி ஏறும், நடந்தால் கொஞ்சம் மரத்துப்போகும், மறுபடி நின்றால் மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கும். அதனால் நிற்காமல் நடந்தான். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்ததும் முகத்தை ஒரு நிமிஷம் கழற்றி வைத்தான்.

ஏழு நாளாக இதே பேச்சு. பார்சலோனாவில் ஏறிய அன்று இரவு இந்த நாலு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது யாரென்று தெரிந்தால் அவன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஹாவர்ட் ஓஹையோவில் கூரை வேலை செய்யும் கம்பெனி வைத்திருக்கிறார்; காலை ஐந்து மணிக்கு முதல் ஆளாகப் போய்க் கதவைத் திறப்பாராம். கிர்ஸ்டன் பள்ளிக்கூட டீச்சர், அவள் கணவன் ஓலே நகராட்சியில் ஏதோ எஞ்சினியர், நாலு மணிக்குக் கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்குப் போய்விடுவாராம். போன வருஷம் ஓலேக்கு மனசு சரியில்லாமல் ஆறு மாதம் வீட்டில் இருந்தாராம், ஆபீசிலிருந்து பூங்கொத்து வந்ததாம். யார் கொடுத்தது அந்தக் காசை என்று கேட்டார் ஹாவர்ட். நாங்கள் எல்லோரும் சேர்ந்து என்றாள் அவள். என் ஊரில் அதற்குப் பெயர் வேறு என்றார் இவர். வாழ்வதற்காக வேலை செய்கிறோம், நீங்கள் வேலை செய்வதற்காக வாழ்கிறீர்கள் என்றாள் அவள், இதை முதல்முதலாகத் தானே கண்டுபிடித்தமாதிரி. ரெமிஜியுஸ் தட்டு எடுத்தான், தட்டு வைத்தான், தண்ணீர் ஊற்றினான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஹாவர்ட் திடீரென்று இவன் பக்கம் திரும்பி, நீ சொல் ரெமி, உலகம் சுற்றுகிறவன் நீதான், உனக்கு வாய்ப்புக் கிடைத்தால் எங்கே வேலை பார்ப்பாய், அவர்கள் ஊரிலா எங்கள் ஊரிலா என்றார். நாலு பேரும் ஸ்பூனை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நீங்கள் எந்த மேசையில் உட்காருகிறீர்களோ அந்த மேசையில், சார் என்றான். சிரிப்பு வெடித்தது. ஹாவர்ட் முதுகில் தட்டினார். கிர்ஸ்டன் கைதட்டினாள். அன்று கீழே தன் படுக்கைக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் பதிலையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். எவ்வளவு சுலபமாக வந்தது! யாரும் பழக்கித் தரவில்லை, தானாக வந்தது. உருளைக்கிழங்கு மசியலை வரிசையாகத் தட்டில் வைக்கும் மிஷினைப்போல. என்னடா மனுசன் நீ என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டான். கேட்டு என்ன. ஒரு வார்த்தை பிசகினால் கருத்துச் சீட்டில் பத்துக்கு ஒன்பது வரும். ஒன்பது வந்தால் கூப்பிட்டு வைத்து, என்ன குறை, ஏன் குறை என்று விசாரிப்பார்கள். பத்துக்கு ஒன்பது வாங்கியதற்குத் திட்டுகிற பள்ளிக்கூடம் எது என்று கிர்ஸ்டன் டீச்சரைக் கேட்க வேண்டும்.

மூடி போட்ட தட்டுகளை ட்ரேயில் இரண்டடுக்காக ஏற்றித் தோளில் தூக்கினான். பக்கத்து வரிசையில் உவரிக்காரன் சுயம்புலிங்கம் சாஸ் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். இந்தக் கப்பலில் ரெமிஜியுசோடு தமிழில் பேச இருக்கிற ஒரே ஆள். "அண்ணாச்சி, கால் எப்படி இருக்கு?" என்றான் உதட்டை அசைக்காமல். "இருக்குல, இன்னும் ஒடம்போடதான் இருக்கு" என்றான் இவன். "காலையில ஐஸ் பாட்டில் வச்சீரா?" "வச்சேன். ஐஸ்தான் உருகுச்சு." சுயம்பு சிரிக்கவில்லை. ரெமிஜியுசுக்கு இந்தக் கப்பலில் ஆறாவது மாதம். வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம், சில நாள் பன்னிரண்டு. ஞாயிறு என்பது மெனு மாறுவதால் மட்டும் தெரியும். குதிகால் மூன்றாவது மாதத்தில் ஆரம்பித்தது. கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போகும், பிறகு பத்து அடியில் பழகிவிடும் என்று இருந்தது. இப்போது பத்து அடி நூறு ஆகி, பிறகு நாள் முழுக்க என்று ஆகிவிட்டது. மெடிக்கலுக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் சுயம்புவைத் தவிர யாரிடமும் இவன் சொல்லவில்லை. கோவாக்காரன் நெல்சன் போனான், இடுப்பு வலி என்று. டாக்டர் அன்பாகத்தான் பார்த்தார். அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கி விமானத்தில் ஏற்றினார்கள், நன்றாக ஓய்வெடு, குணமானதும் கூப்பிடுகிறோம் என்று. இரண்டு வருஷமாக ஓய்வெடுக்கிறான். பம்பாய் ஏஜெண்டுக்குப் போன் போட்டால், ஃபைலில் குறிப்பு இருக்கிறது என்பதோடு பேச்சு முடிகிறது. என்ன குறிப்பு என்றால் சொல்வதில்லை. ஓய்வு! அந்த வார்த்தையை அந்த டீச்சரம்மாள் எவ்வளவு இனிப்பாகச் சொல்கிறாள். டென்மார்க்கில் ஓய்வுக்குப் போகிறவன் தன் நாற்காலியைப் பூட்டிவிட்டுப் போகிறான் போலிருக்கிறது. இங்கே எழுந்து நிற்பதற்குள் அடுத்தவன் உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்து என்றா சொன்னேன். இங்கே யார் உட்கார்ந்தது.

தட்டுகளை இறக்கினான். எட்டுக்கு மீன். பதினொன்றில் உப்பில்லாதது. பதினான்கில் ஹாவர்டுக்கு மாட்டிறைச்சி, லிண்டாவுக்குக் கோழி, டென்மார்க் இருவருக்கும் காய்கறி. ஓலே இப்போது கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், ஐரோப்பாவில் கட்டிய கப்பல் இது, இணைப்புகளைப் பாருங்கள், அவசரமாகச் செய்த வேலை இல்லை. ஆனால் நடத்துவது எங்கள் ஆள், அதனால்தான் சாப்பாடு சூடாக வருகிறது என்றார் ஹாவர்ட். இரண்டும் உண்மைதான். தலைமையகம் அமெரிக்காவில், கட்டியது ஐரோப்பாவில், பின்னால் பறக்கும் கொடி மட்டும் கப்பலைப் பதிவு செய்த ஒரு குட்டித் தீவுடையது, அந்தத் தீவை இதில் வேலை செய்யும் எவனும் பார்த்ததில்லை. அமெரிக்கச் சட்டமா என்றால் கொடியைக் காட்டுவார்கள், ஐரோப்பியச் சட்டமா என்றாலும் அதே கொடி. ஆனால் மேல்தளத்து அதிகாரிகளுக்கு மட்டும் அந்தக் கொடி வேறு மாதிரி பறக்கிறது. மூன்று மாதம் கப்பல், மூன்று மாதம் வீடு. இத்தாலிக்காரர், நார்வேக்காரர், கிரேக்கர், எல்லோருக்கும். அதே கடல், அதே ஆட்டம், அதே கிருமி வந்தால் அதே வயிற்றுப்போக்கு. அவர்கள் ஊர்ச் சங்கம் பேசி வாங்கியதாம். வாங்கியது சரிதான், மனுசன் வாங்கவேண்டியதுதான், ஆனால் ஏழு மாதம் எட்டு மாதம் என்று நம்மை வைத்திருக்கிற கணக்கை யார் போட்டது? ஒரு தடவை பயிற்சி வகுப்பில் பாடம் எடுத்த அமெரிக்கப் பெண் சொன்னாள், இங்கே நாம் ஒரு குடும்பம், குடும்பத்தில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. குடும்பம். ரெமிஜியுசின் குடும்பம் தூத்துக்குடியில் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஹில்டா ஒவ்வொரு போனிலும் கடைசியாக அதைத்தான் கேட்பாள், "எப்பம் வாரீங்க?" என்று, எந்தப் பேச்சானாலும் அங்கேதான் வந்து முடியும். கால் வலியை அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால், வந்துருங்க என்பாள். அது ஒன்றுதான் அவன் கேட்க விரும்பாத வார்த்தை, கேட்டால் வந்துவிடுவான் என்பதால்.

அப்பாவின் கால் ஞாபகத்துக்கு வந்தது. ஏன் இப்போது. தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார் அப்பா. சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் நிறுத்தம். ஊதிய சத்தம் அடங்குவதற்குள் கையை எடுத்துவிடுவார், மூட்டை அந்தரத்தில் தொங்கினாலும் அடுத்த ஷிப்டுக்காரன் பாடு. நாலரைக்கு வீட்டில் இருப்பார். குளித்துவிட்டு, பவுடர் போட்டுக்கொண்டு, கேரம் ஆடப் போவார். ஒருமுறை இரும்புக் கொக்கி விழுந்து பாதம் நசுங்கியது. இரண்டு மாதம் வீட்டில், முழுச் சம்பளத்தோடு, காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு. சங்கத்து ஆட்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து உட்கார்ந்து அரசியல் பேசிவிட்டுப் போவார்கள். பத்தொன்பது வயது ரெமிஜியுசுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. முன்னேறாத ஜென்மம். கேட்டரிங் படித்து, ஆங்கிலம் படித்து, கப்பலுக்குக் கிளம்பிய வாரம் சொல்லியும் விட்டான்: "ஒங்கள மாதிரி நான் சங்கு எப்பம் ஊதும்னு காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்." அப்பா கோபப்படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார்: "சங்கு ஊதலன்னா எப்பம்ல நிறுத்துவ?" அன்று அதற்குப் பதில் இருந்தது, பெரிய பதில், அமெரிக்கா, கம்பெனி, பதவி உயர்வு என்று. அப்பா கேட்டுக்கொண்டு கேரம் ஆடப் போய்விட்டார். கொக்கி விழுந்த அந்தக் கால் கடைசிவரை நன்றாக இருந்தது என்பதை ரெமிஜியுஸ் இப்போதுதான், கையில் மிளகு அரைக்கும் கட்டையோடு ஹாவர்ட் பக்கத்தில் நிற்கும்போதுதான், நினைத்துப் பார்த்தான். இரண்டு மாதம் தலையணைமேல் இருந்ததால் நன்றாக இருந்தது. போதும், போதும் என்றார் ஹாவர்ட். மிளகு கறியை மூடியிருந்தது. மன்னிக்க வேண்டும் சார் என்றான். பரவாயில்லை, எனக்குக் காரம் பிடிக்கும் என்றார் அவர். கெட்ட மனுசன் என்று சொல்லிவிடவும் முடிவதில்லை, அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி.

தட்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஹெட் வெயிட்டர் கோரன் எதிரில் நின்றார். உயரமான குரோஷியாக்காரர், எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார், அதனால்தான் எல்லோருக்கும் பயம். "ரெமி, லஞ்ச் முடிந்ததும் மெடிக்கலுக்குப் போ." எதற்கு என்று கேட்பதற்குள் அவரே சொன்னார். "ஒரு விருந்தினர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீ நொண்டுவதாகவும் உன்னை வேலை வாங்குவது மனிதத்தன்மை இல்லை என்றும். மேலே போய்விட்டது. என் கையில் இல்லை." ட்ரேயைத் தோள் மாற்றிக்கொண்டான். நேற்று இரவு. நேற்று இரவு இனிப்பு வைக்கும்போது கிர்ஸ்டன் அவன் முழங்கையைத் தொட்டு, ரெமி, உனக்குக் கால் வலிக்கிறது, இல்லையா, உண்மையைச் சொல் என்றாள். ஆறு மாதத்தில் எந்த விருந்தினரும் கேட்காத கேள்வி. கண்ணைப் பார்த்துக் கேட்டாள். உதடு தன் வேலையைப் பார்க்கவில்லை அப்போது. கொஞ்சம் வலி, மேடம், மூன்று மாதமாக என்று சொல்லிவிட்டது, முட்டாள் உதடு. ஐயோ பாவம் என்றாள். அதோடு முடிந்தது என்று நினைத்தான். அறைக்குப் போய், மேசை விளக்கைப் போட்டு, டீச்சர் கையெழுத்தில், பத்தி பிரித்து எழுதியிருக்கிறாள். நல்ல காரியம் செய்த நிறைவோடு தூங்கியிருப்பாள். எட்டு மணி நேரம். அவர்கள் எட்டு மணி நேரம் தூங்குவார்கள். இவன் பெட்டியை எப்போது கட்டுவது, நாளை மறுநாள் கிரேக்கத் துறைமுகம், அங்கேதான் இறக்குவார்கள், ஹில்டா வாசலுக்கு வந்து முதலில் சந்தோஷப்படுவாள், பிறகு முகத்தைப் பார்ப்பாள். ஃபைலில் குறிப்பு. நாற்பத்தொரு வயசில் வேறு எந்தக் கப்பல். என்னிடம் கேட்டாளா? எழுதட்டுமா என்று ஒரு வார்த்தை? கருணைக்கு அனுமதி கேட்க வேண்டாம் போலிருக்கிறது.

காபி ஜாடியை எடுத்துக்கொண்டு போனான். போகாமல் இருந்திருக்கலாம், சுயம்புவை அனுப்பியிருக்கலாம். போனான். முதலில் லிண்டாவுக்கு ஊற்றினான், ஹாவர்டுக்கு ஊற்றினான், கிர்ஸ்டன் கோப்பையருகே ஜாடியைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு, "மேடம், நீங்கள் எழுதினீர்களா?" என்றான். அவள் முகம் மலர்ந்தது. "சொல்லிவிட்டார்களா? நல்லது. உனக்கு ஓய்வு வேண்டும், ரெமி. அது உன் உரிமை." "மேடம், என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்." "போய் நன்றாகக் குணமாகிவிட்டு வா." "திரும்பக் கூப்பிட மாட்டார்கள், மேடம்." அவள் சிரிப்பு அப்படியே நின்றது, போவதா இருப்பதா என்று தெரியாமல். "அப்படிச் செய்ய முடியாது. காய்ச்சல், வலி என்றால் ஒருவரை எப்படி வேலையை விட்டு எடுக்க முடியும்?" இதைக் கேட்டதும் ஹாவர்ட் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "பார்த்தாயா, உன் ஐரோப்பிய அன்பு ஒரு மனிதனின் வேலையைத் தின்றுவிட்டது. கவலைப்படாதே ரெமி, நான் இப்போதே எழுதுகிறேன், இவனைப்போல ஒரு உழைப்பாளி கிடையாது, இவன் நொண்டி நான் பார்த்ததே இல்லை என்று. என் கையெழுத்துக்கு மரியாதை உண்டு." "பொய் எழுதுவீர்களா?" என்றாள் கிர்ஸ்டன். "வலியோடு நிற்கட்டும் என்கிறீர்களா?" "நிற்பதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்யட்டும்" என்றார் ஹாவர்ட். " அதுதான் சுதந்திரம்." "இதுவா சுதந்திரம்? இது பயம்." "உன் ஊரில் வரி கட்டுகிறவனைக் கேட்டுப் பார்." ஓலே மனைவியின் கையைப் பிடித்தார், அவள் உதறினாள். ஐந்து வாரம் மறுபடி வந்தது, ஐந்து மணி மறுபடி வந்தது, ஓலேயின் ஆறு மாதம் வந்தது, ஹாவர்டின் அப்பா சாகும் நாள்வரை ஏணியில் ஏறிய கதை வந்தது. இருவருக்கும் நடுவில் அவன் ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் காலைப் பற்றித்தான் பேச்சு. காலுக்குச் சொந்தக்காரன் நிற்கிறான் என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. ஆணி குதிகாலிலிருந்து கெண்டைக்கு ஏறி, முழங்காலுக்கு ஏறி, அதற்கு மேலும் ஏறியது. அது வலியா வேறொன்றா என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இவர்களில் யார் சரி என்று ஏழு நாளாகத் தட்டு எடுத்துக்கொண்டே யோசித்தோமே, அட மடையா. இவள் சொல்கிற வாழ்க்கையும் அவர் சொல்கிற உழைப்பும் எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தாயா? ஜாடியை மேசைமேல், வெள்ளைத் துணியின் நடுவில், வைத்தான். காலியாக இருந்த நாற்காலியை இழுத்தான். உட்கார்ந்தான்.

பேச்சு நின்றது. அவர்கள் பேச்சு மட்டுமல்ல; பதினொன்றாம் மேசையிலும் நின்றது, எட்டிலும் நின்றது. விருந்தினர் மேசையில் வெயிட்டர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலியின் மெத்தை இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது, பதினெட்டு வருஷமாக இதைத் துடைத்திருக்கிறான், இழுத்திருக்கிறான், தள்ளியிருக்கிறான். வலி கீழே இறங்கத் தொடங்கியது, சொட்டுச் சொட்டாக. "பேசுங்கள்" என்றான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "நீங்கள் இரண்டு பேரும் பேசி முடியுங்கள். நான் கேட்கிறேன். இத்தனை நாள் நின்றுகொண்டு கேட்டதில் பாதி காதில் விழவில்லை." கிர்ஸ்டனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. இப்போது அவளை நான் தேற்ற வேண்டுமா, அதுவும் என் வேலையா? தேற்றவில்லை. ஹாவர்ட் நாப்கினை மடித்தார், பிரித்தார். அப்போதுதான் லிண்டா பேசினாள். ஏழு நாளில் உப்பு எடுத்துத் தாருங்கள் என்பதற்குமேல் பேசாத லிண்டா. தன் முன்னாலிருந்த காபிக் கோப்பையை, அவள் இன்னும் வாய் வைக்காதது, அவன் முன்னால் நகர்த்தினாள். "பத்தொன்பது வருஷம் நான் மேசை துடைத்தேன்" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். "நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல். இவர் கம்பெனி நிமிரும்வரை. இரண்டாவது பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் திரும்பிப் போனேன். ஹாவர்ட் அதையும் உழைப்பு என்று எல்லோரிடமும் சொல்வார். எனக்கு அன்று இரத்தம் நிற்கவில்லை." ஹாவர்ட், "லிண்டா" என்றார், மிக மெதுவாக. "எந்தக் கால்?" என்று கேட்டாள் அவள், ரெமிஜியுசை. "வலது, மேடம்." "குடி. ஆறிவிடும்" என்றாள். அவன் குடித்தான். கோரன் மேசைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார், ஓடாமல், எப்போதும்போல மெதுவாக. அவர் வந்து பக்கத்தில் நிற்கும்வரை குடித்தான். "எழுந்திரு, ரெமி" என்றார் காதருகே. "எழுந்திருக்கிறேன்" என்றான் இவன். கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எழுந்தான்.

கீழ்த்தளத்தில் கப்பலின் முனையிலிருந்து முனைவரை போகும் சிப்பந்திகளின் நடைபாதைக்கு ஒரு அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரை வைத்திருக்கிறார்கள். தள்ளுவண்டிகள் ஒருபக்கம், ஆட்கள் ஒருபக்கம், எல்லோரும் எங்கோ பிந்திவிட்டவர்கள்போல. சுயம்பு பின்னால் ஓடிவந்து பிடித்துக்கொண்டான். மேலே நடந்தது அதற்குள் அவனுக்கு எட்டியிருந்தது. "அண்ணாச்சி, உம்ம சோலியப் பாத்துட்டு இருந்துருக்கலாம்லா. சரி, போனது போவட்டும். உக்காந்ததுக்கு ஒரு எச்சரிக்கைக் கடுதாசி குடுப்பாவ, அவ்ளோதான். டாக்டரம்மாகிட்ட மட்டும் வலிக்கலைன்னு சொல்லிரும். அமுக்கிப் பாப்பாவ. பல்லக் கடிச்சுக்கிட்டு ரெண்டு நிமிசம். அப்புறம் ஒரு மாசந்தான, ஓட்டிரலாம், நான் உம்ம ட்ரேயையும் சேத்துத் தூக்குதேன்." நல்ல பிள்ளை. தூக்குவான், உண்மையாகவே தூக்குவான், அப்புறம் அவன் இடுப்பு போகும். "சரிவே, போ, லேட்டாகும்" என்றான் ரெமிஜியுஸ். வலிக்கலை. ஆங்கிலத்தில் இரண்டு சின்ன வார்த்தை. ஹாவர்டின் சீட்டும் அதைத்தான் சொல்லும். முதல் அடியிலிருந்து மெடிக்கல் கதவுவரை அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான், முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு. நன்றாகத்தான் வந்தது.

டாக்டர் கொலம்பியாக்காரி, முப்பது முப்பத்தைந்து வயசிருக்கும், கண்ணுக்குக் கீழே கருப்பு. ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொன்னாள். பாதத்தை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். அதுவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவன் காலை யார் இப்படி எடுத்து மடியில் வைத்தார்கள். கட்டைவிரலைக் குதிகாலின் நடுவில் வைத்து அழுத்தினாள். அறை வெள்ளையாகி, கருப்பாகி, மறுபடி அறையானது. "வலிக்கிறதா?" உதடு தயாராக இருந்தது. இரண்டு வார்த்தை. அவள் மறுபடி அழுத்தவில்லை. பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இது மூன்று நாலு மாதத்து வீக்கம். இன்னும் இரண்டு மாதம் நின்றால் நிரந்தரமாக நொண்டுவாய். நான் இதை எழுதினால் நாளை மறுநாள் இறக்கிவிடுவார்கள், அப்புறம் என்ன ஆகும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதாமலும் இருக்கலாம். மாத்திரை தரலாம். எது வேண்டும், நீயே சொல்." நீயே சொல். மறுபடியும். மேலே ஒருவர் எந்த ஊரில் வேலை பார்ப்பாய், நீயே சொல் என்றார். அவன் முடிவு செய்யட்டும், அதுதான் சுதந்திரம் என்றார். இவர்கள் எல்லோரும் எவ்வளவு மரியாதையோடு கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள், கத்தியைப் பிடிப்பக்கம் இவனை நோக்கித் திருப்பி! வயிற்றில் லிண்டாவின் காபி இன்னும் சூடாக இருந்தது. அப்பாவாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைக்க முயன்றான்; அப்பாவுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது, அவர் காலை உயர்த்திக்கொண்டு படுத்திருந்தார், கேள்விகளையெல்லாம் சங்கத்தார் வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். "வலிக்கிறது" என்றான் ரெமிஜியுஸ். சத்தமாக வந்துவிட்டது, வெளியே காத்திருந்த யாரோ எட்டிப்பார்த்தார்கள். "ரொம்ப வலிக்கிறது, டாக்டர். மூன்று மாதமாக வலிக்கிறது. என்ன எழுதலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். டாக்டர் நீங்கள். பார்த்ததை எழுதுங்கள்." அவள் அவன் பாதத்தைக் கீழே வைக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியைத் திருப்பி எழுதினாள். ஒரு பக்கம் முழுக்க எழுதினாள், வேலை செய்ததால் வந்தது என்பதையும் சேர்த்து எழுதினாள், அதற்குக் கீழே கோடிட்டாள், கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள். "இதைத் தொலைத்துவிடாதே" என்றாள். "எதற்காவது உதவும்." எதற்கும் உதவாமலும் போகலாம் என்பது அவள் முகத்திலேயே இருந்தது.

ஷூவை மாட்டவில்லை. ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே வந்தான். நடைபாதையில் இரவு விருந்துக்கான சாமான்கள் போய்க்கொண்டிருந்தன, ஐஸ் பெட்டிகள், மேசைத் துணி மூட்டைகள், எல்லோரும் ஓரமாக, வேகமாக. ஹில்டாவிடம் இன்றே சொல்ல வேண்டும், முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும், கால் வலிக்குது, வாரேன் என்று. வலது காலை வைத்தான். மூன்று மாதமாக இடுப்பை இறுக்கி, தோளை நிமிர்த்தி, யாருக்கும் தெரியாமல் மடக்கி மடக்கி வைத்திருந்த நொண்டலை விட்டுவிட்டான். உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது, அசிங்கமாக, பெரிதாக. பின்னாலிருந்து வண்டிக்காரன் ஒருவன், ஓரம், ஓரம் என்று கத்தினான். ரெமிஜியுஸ் கொரேரா திரும்பிப் பார்க்கவில்லை. பாதையின் நட்டநடுவில், தன் வேகத்தில், நொண்டிக்கொண்டே நடந்தான். வண்டி காத்திருந்தது.